பின் சீட்டுத் தம்பி

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று உங்களை வற்புறுத்த மாட்டேன். நானே பேய்க் கதை சொல்கிறவர்களை ஓட்டுகிற ஆள். "பேய்க்கு எதுக்கு வெள்ளைத் துணி, அழுக்கானா யார் துவைக்கறது?" என்று கேட்டு எத்தனையோ பேர் வாயை அடைத்திருக்கிறேன். ஆனால் இது நடந்தது. என் பெரியம்மாவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. துணி தைக்கக் கொடுத்தவர்களிடம் ஒப்புக்குக்கூட "நாளைக்கு ரெடி" என்று சொல்ல மாட்டாள். அவள் சொன்னதையும், அன்று அதே வண்டியில் வந்த ஒரு பெண் பிறகு போனில் என்னிடம் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

பெரியம்மா தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின். பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் பிழைப்பு. பெரியப்பா போன பிறகு அவளுக்கு உலகமே அவளுடைய ஒரே மகன்தான். எனக்கு அண்ணன். நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை, அவ்வளவு உயரம். எங்கள் எல்லோருக்கும் அவன் 'நெட்டை'. மலைமேல் செல்போன் டவர்களில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. "இருக்கற உயரம் போதாதுன்னு டவர் மேல வேற ஏர்றான்" என்று பெரியம்மா அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்கிற குரலில் பெருமை வழியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு லீவு கிடைத்தது. மலையிலிருந்து போன் செய்தான்.

"வண்டியில சீட்டு இல்லம்மா. நாளைக்கு வரட்டா?"

"அதெல்லாம் தெரியாது. எப்படியாவது இன்னிக்கே வந்து சேருடா."

"சரி சரி. பின்னால ஏணியில தொத்திக்கிட்டு வந்துடறேன்" என்று சிரித்தான்.

அந்த வண்டி பாதி வழியில் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே இருந்த எல்லோரையும் மேலே தூக்கிவிட்டார்கள், உயிரோடு சிலர், உயிரில்லாமல் சிலர். நெட்டையை மட்டும் காணவில்லை. நாள் கணக்காகத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பெரியம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள். "உடம்பு கிடைக்கலல்ல? அப்ப என் பிள்ளை எங்கேயோ இருக்கான்." யாராவது வாய் தவறி "போயிட்டான்" என்று சொன்னால் அவர்களோடு பேச்சு நின்றுவிடும். என் அம்மாவோடேயே இரண்டு மாதம் பேசவில்லை. ராத்திரி அவன் பங்குச் சாப்பாட்டை எடுத்து மூடி வைப்பாள். காலையில் அதையே தான் சாப்பிடுவாள். அவன் கட்டில் விரிப்பை வாராவாரம் துவைத்துப் போடுவாள். எங்களுக்குப் பார்க்கப் பார்க்கத் தாங்காது. ஆனால் யார் போய் அவளிடம் சொல்வது?

பள்ளத்தில் துணி, செருப்பு என்று ஏதாவது அகப்பட்டால் மலைமேல் இருக்கிற போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள். அவள் தனியாகத்தான் போவாள். நாங்கள் கூட வந்தால் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவோமாம். அங்கே போனதும் சட்டையை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்ப்பாள். அவன் போடுவது எல்லாம் அவள் தைத்ததுதான். "இது என் தையல் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

கடைசியாகப் போன அன்றும் அப்படித்தான். கிழிந்த ஒரு கால்சட்டை. அவள் தையல் இல்லை. ஆனால் அங்கிருந்த அதிகாரி இந்த முறை எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே தேட மாட்டோம்மா. நீங்களும் அலையாதீங்க" என்றார். நல்ல மனிதர். அவருக்கே கண் கலங்கியிருந்ததாம்.

அந்த மலையில் பஸ் கிடையாது. ஜீப் மாதிரி வண்டிகள்தான், ஆள் சேர்த்துக்கொண்டு ஓடும். சீட்டு நிறையாமல் கிளம்பாது. சீட்டை அடைப்பது ஆளோ மூட்டையோ, காசு கொடுத்தாக வேண்டும். காசு கொடுக்காதவன் பின்னால் இருக்கிற இரும்பு ஏணியில் தொத்திக்கொண்டு வரலாம். இறங்க வேண்டுமென்றால் கூரையில் இரண்டு தட்டு. இதுதான் அங்கே சட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கே மலைமேல் பனி இறங்கிவிட்டது. ஸ்டாண்டில் ஒரே வண்டி. முன் சீட்டில் முட்டை வியாபாரி, காலி அட்டைகளை மடியில் அடுக்கிக்கொண்டு. நடு சீட்டில் புதிதாகக் கல்யாணமான ஜோடி, இருவருக்கும் நடுவில் அவர்கள் பெட்டி. பெட்டிக்கும் டிரைவர் காசு வாங்கிவிட்ட கடுப்பில் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பின் சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம். பெரியம்மா ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு இடது பக்கம் காலி.

"ஒரு ஆள் வந்துட்டா எடுத்துடலாம்" என்று டிரைவர் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் வருவதாக இல்லை. பனி வந்துகொண்டிருந்தது. பெரியம்மாவுக்கு அந்த மலையில் ஒரு நிமிஷம் கூட இருக்கப் பிடிக்கவில்லை.

"அந்த சீட்டுக்கும் நானே குடுத்துடறேன். எடுங்க" என்றாள்.

டிரைவர் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்ப அது உங்க சீட்டும்மா. பைய வைப்பீங்களோ, ஆள வைப்பீங்களோ, உங்க இஷ்டம்."

வண்டி கிளம்பியது. மணி மூன்றே முக்கால்.

பெரியம்மா பையைக் காலி சீட்டில் வைத்தாள். முதல் வளைவு திரும்பியதும் பார்த்தால் பை அவள் மடியில் இருந்தது. தானே எடுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். மனசு ஓர் இடத்தில் இல்லாதபோது கை செய்வது யாருக்குத் தெரிகிறது?

கொஞ்ச தூரத்தில் அந்தப் புதுப் பெண் திரும்பினாள்.

"கொஞ்சம் முட்டிய மடக்கிக்கறீங்களா? முதுகுல இடிக்குது."

பெரியம்மா குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையையே தொடாது. "நான் இடிக்கலியேம்மா" என்றாள்.

"உங்களச் சொல்லலம்மா" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளையைத்தான் ஜாடையாகக் குத்திக் காட்டுகிறாளாக்கும் என்று பெரியம்மா விட்டுவிட்டாள். அவன்தான் ஏறியதிலிருந்து கடுகடுவென்று இருக்கிறானே.

பிறகு அவளே ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினாள். பெரியம்மா ஒன்று எடுத்துக்கொண்டாள். பொட்டலம் திரும்பிப் போகவில்லை. காலி சீட்டுக்கு நேராக நகர்ந்தது. அங்கேயே நின்றது. "எடுத்துக்கங்க... பரவால்ல" என்றாள். ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"ரொம்பக் கூச்சம் போல" என்று மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னது பெரியம்மா காதில் விழுந்தது.

புத்தி கொஞ்சம் ஒரு மாதிரியோ இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்தாள். பாவம், இந்த வயசில்.

நாலு பத்துக்கு ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. எல்லோரும் குடித்துவிட்டு ஏறினார்கள். டிரைவர் சாவியைப் போட்டார். ஆனால் திருகவில்லை.

"எடுங்கண்ணே, பனி ஏறுது" என்றார் முட்டை வியாபாரி.

"பின் சீட்டுத் தம்பி வரட்டும்."

"எந்தத் தம்பி?" என்றாள் பெரியம்மா. "நான் தனியாத்தான் வந்தேன்."

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கோபமில்லை, ஒரு வருத்தம். "வீட்டுச் சண்டைய வீட்டுல வெச்சுக்கலாம்மா. பாவம், ஏறினதுலேர்ந்து உங்க மொகத்தையே பாத்துட்டு வர்றாரு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

பெரியம்மா வாய் திறக்கும் முன்...

வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. ஸ்பிரிங் 'கிரீச்...' என்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து சீட்டின் ரெக்ஸின் மெல்ல உள்ளே போனது.

"வந்துட்டாரு" என்று டிரைவர் சாவியைத் திருகினார்.

வண்டி ஓடியது. பெரியம்மாவின் இடது தோள் சில்லிட்டது. ஜன்னல் மூடித்தான் இருந்தது. ஈர மண் வாசனை. தடவிப் பார்த்தாள். உடையின் இடது பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"அம்மா" என்றார் முட்டை வியாபாரி திரும்பாமலே. "அந்தத் தம்பிக்கு ஏதாச்சும் போத்தி விடுங்க. பல்லு தந்தியடிக்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

அவளுக்குக் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இந்த நாலு பேரில் அந்த ஜோடியைத் தவிர யாரும் ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள். சேர்ந்து விளையாட இவர்களுக்கு என்ன தலையெழுத்து? அவள் முன்னால் குனிந்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"என் பக்கத்துல யாரும்மா இருக்கறது?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க. உங்க பையன் தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கு அப்படியே உங்க மூக்கு."

பெரியம்மா இன்னும் முன்னால் குனிந்தாள். "என்ன சட்டை போட்டிருக்கான்?"

அந்தப் பெண் காலி சீட்டைப் பார்த்துச் சங்கடமாகப் புன்னகைத்தாள். "கட்டம் போட்டது. நனைஞ்சு போயிருக்கு. காலர் மட்டும் வேற துணி... காக்கி."

உலகத்தில் அப்படி ஒரு சட்டைதான் உண்டு. பழைய காலர் நைந்துபோனது. பொருந்துகிற துணி கைவசம் இல்லை. யூனிஃபார்ம் தைத்ததில் மிஞ்சின காக்கியை வெட்டிப் பெரியம்மா காலர் வைத்தாள். "பாதி நான், பாதி பள்ளிக்கூடப் பையனா?" என்று நெட்டை கேலி செய்தான். ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு மலையேறினான்.

பெரியம்மா கத்தவில்லை. சட்டென்று வலது பக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். வெளியே பனி மட்டும்தான். அதையே வெறித்துப் பார்த்தாள்.

ஏன் என்று அவளே என்னிடம் சொன்னாள். திரும்பிப் பார்த்துவிட்டால் அவன் செத்துப்போனதை ஒத்துக்கொண்ட மாதிரி. இரண்டு வருடமாக ஒரு ஆளாக நின்று அவனை உயிரோடு வைத்திருந்தவள் அவள். ஊர் விட்டது, உறவு விட்டது, ஸ்டேஷனும் அன்று விட்டுவிட்டது. அவளும் விட்டுவிட்டால் அப்புறம் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்ஜின் சத்தம்... வளைவு... மறுபடி வளைவு...

இடது தோளில் அந்தச் சில்லிப்பு இன்னும் நெருங்கி வந்தது. சாய்ந்துகொள்வது போல.

அவள் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண்தான் திரும்பினாள். இந்த முறை அவள் கண் கலங்கியிருந்தது.

"அம்மா... கோச்சுக்காதீங்க. அவர் என்கிட்ட கேக்கறாரு."

"என்ன?"

"'அம்மா ஏன் என்னைப் பாக்கவே மாட்டேங்கறாங்க?'ன்னு."

பெரியம்மா உடைந்துபோனாள்.

திரும்பினாள். முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். காலி சீட்டு. நனைந்த ரெக்ஸின். வேறு எதுவும் இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். இல்லை. வழியில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற பிள்ளை, பெற்றவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"கண்ணா..." என்றாள். "கோவமெல்லாம் இல்லடா. பாக்கறேன்டா... அம்மாவுக்குத் தெரிய மாட்டேங்குதுடா..."

தன் சால்வையை எடுத்தாள். காலி சீட்டின் மேல் போர்த்தினாள். அவள் கண்ணுக்கு அது சீட்டில் தட்டையாக விழுந்து கிடந்தது.

"போத்திக்கிட்டாரு" என்றாள் அந்தப் பெண் அழுதுகொண்டே. ஏன் அழுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லையாம்.

"சிரிக்கறானா?"

"ம்."

"அம்மாதாண்டா உன்ன வரச் சொன்னேன்" என்றாள் பெரியம்மா அந்த சீட்டிடம். "நாளைக்கு வான்னு சொல்லியிருக்கலாம்..."

அப்போது...

டப். டப்.

கூரையில். வெளியே, பின்பக்கம், ஏணிக்கு நேர் மேலே.

இதை எல்லோரும் கேட்டார்கள். பெரியம்மாவும் கேட்டாள். அன்று அவளுக்கு அவனிடமிருந்து கிடைத்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

டிரைவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"ஏணியில யாரும் வரலியே..." என்றார் முட்டை வியாபாரி.

பின் கதவு திறந்துகொண்டது. பனி உள்ளே வந்தது. வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

சீட்டில் சால்வை இல்லை.

"இறங்கிட்டாரு..." அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது. "ஓரத்துல நிக்கறாரு... அய்யோ, கீழ போறாரு... பள்ளத்துக்குள்ள நடந்து போறாரும்மா..."

பெரியம்மா குதித்து இறங்கி ஓடினாள். டிரைவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்ததால்தான் இன்று அவள் இருக்கிறாள். அங்கே ரோடு முடிந்து வெறும் பனிதான் இருந்தது. ஒரு மனிதன் நிற்கக்கூட இடமில்லை. அப்போதுதான் வண்டியில் இருந்த மற்றவர்களுக்கு விஷயம் உறைத்தது. முட்டை வியாபாரி அட்டைகளைக் கீழே போட்டுவிட்டார்.

டிரைவர் அந்த இடத்தில் கல்லை அடுக்கி அடையாளம் வைத்தார்.

மறுநாள் என் அப்பாவும் நானும் போனோம். ஸ்டேஷனில் என்னவென்று சொல்வது? நெட்டையோடு டவர் ஏறின ஆட்களிடம்தான் போனோம். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கயிறும் கொக்கியும் எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கல் அடுக்குக்கு நேர் கீழே இறங்கினார்கள். பாறை இடுக்கில் அவன் இருந்தான். வண்டி விழுந்த இடம் அதற்கும் கீழே, இரண்டு வளைவு தள்ளி. அவன் அதற்கு முன்பே ஏணியிலிருந்து தெறித்து விழுந்திருக்கிறான். வண்டி விழுந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள், இங்கே ஒருவரும் தேடவில்லை.

அவன் மேல் பெரியம்மாவின் சால்வை இருந்தது. காற்றில் பறந்து போய் விழுந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் இறங்கின ஆள் சொன்னது இது: கழுத்து வரை இழுத்து, இரண்டு பக்கமும் செருகி விட்டிருந்தது.

பெரியம்மாவிடம் சட்டையைக் காட்டினார்கள். வழக்கம் போல உள்பக்கம் திருப்பினாள். காக்கிக் காலரின் தையல் மேல் விரலை ஓட்டினாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"என் தையல்தான்" என்றாள்.

அதோடு இது முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சில வாரம் கழித்து, கயிறு பிடித்த ஆட்களைப் பார்த்து நன்றி சொல்ல நான் மட்டும் மலைக்குப் போனேன். திரும்பும்போது ஸ்டாண்டில் டிரைவர்கள் கூடி அந்தக் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வயதான டிரைவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காக்கிக் காலர் வெச்ச பையன் தானே? ஒசரமா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன. அந்தம்மா இங்கேர்ந்து கீழ போறப்பல்லாம் கூடவே வருவானே. எங்க வண்டிங்க எல்லாத்துலயும் வந்திருக்கான். பின்னால ஏணியில தொத்திக்கிட்டு."

நான் எதிரே நின்ற வண்டியின் ஏணியைத் திரும்பிப் பார்த்தேன்.

"போன மழைக்கு என் வண்டியில வந்தான். கொட்டற மழை. எனக்கே மனசு கேக்கல. வண்டிய நிறுத்தி, இறங்கிப் பின்னால போயி, 'உள்ள வந்து உக்காரு தம்பி'ன்னேன். வரமாட்டேன்னுட்டான்."

"ஏனாம்?"

"'அம்மா ஒரு சீட்டுக்குத்தான் காசு குடுத்திருக்காங்க. பரவால்ல, நான் இப்படியே வந்துடறேன்'னான்."

இதைப் பெரியம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஒவ்வொரு முறையும் "இது என் தையல் இல்ல" என்று நிம்மதியாக அவள் திரும்பி வந்தபோது, பின்னால் இரும்பைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி அவன் வந்திருக்கிறான். அதை எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு பெரியம்மாவோடு எந்த பஸ்ஸில், எந்த வண்டியில் போனாலும் ஒரு டிக்கெட் கூடுதலாக எடுத்துவிடுகிறேன். ஏன் என்று அவள் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. ஏறியதும் ஜன்னலோர சீட்டைக் கையால் துடைத்துவிடுவாள். முன் சீட்டுக்கும் அதற்கும் நடுவில் கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். பிறகு அதைக் காலியாக விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.